பத்து உப்புத் தூண்கள்

இன்னும் ஒன்பது மணி நேரம் இருந்தது.

காலையில் கூடத்தின் இரும்புக் கதவு திறந்ததும் அமலி முதலில் கையுறையை மாட்டிக்கொண்டாள். பிறகு மெல்லிய துணியால் தன் படிகத்தைத் துடைத்தாள். அது உள்ளங்கை அகலம் இருக்கும். வெளிர்நீல நிறம். முந்தின நாள் தொட்டவர்களின் ரேகைகள் அதன்மேல் மங்கலாகப் படிந்திருந்தன. படிகத்தைச் சுற்றி அரைவட்டமாகப் பத்து உப்புத் தூண்கள் நின்றன. உயரம் ஒன்றுபோல் இல்லை. அவற்றையும் தூரிகையால் தூசி தட்டினாள். அத்தனையையும் செதுக்கியவள் அவள்தான். ஏன் பத்து என்று யாராவது கேட்டால் அவளுக்குத் தெரியாது. முன்பு தெரிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமையிலிருந்து தெரியவில்லை.

கீழே சிறிய பலகையில் தலைப்பு இருந்தது: 'கணக்கு சரி'. அதுவும் அவள் வைத்ததுதான்.

"என்ன கணக்கு பிள்ள அது? ரேஷன் கடைக் கணக்கா?" என்றார் பக்கத்து இடத்தில் நின்ற சங்கரபாண்டியன். அறுபது வயதுக்காரர். ஊரில் பாதிச் சுவர்களில் விளம்பரம் எழுதியவர். இப்போது பெரிய தகரப் பலகையில் ஆளில்லாத பேருந்து நிலையம் ஒன்றை வரைந்து, அதன் பெஞ்சில் தன் படிகத்தைப் பதித்து வைத்திருந்தார்.

"தெரியல அண்ணாச்சி."

"எனக்கும் என்னுது தெரியல. தொட்டுட்டு வெளிய வாறவன் எல்லாம் 'த்சு த்சு'ங்கான். ஒருத்தன் என் தோளத் தட்டிட்டுப் போறான். என் கல்யாணத்த வச்சிருப்பேனோன்னு சந்தேகமா இருக்கு."

அமலி சிரித்தாள். அவளுக்குப் பேசத் தெரியாது. சிரிப்பை வைத்துச் சமாளிப்பாள்.

கூடம் முன்பு உப்புக் கிடங்காக இருந்தது. கடல் ஏறி வந்த பிறகு தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. பார்வையாளர்கள் மிதவைப் பாலத்தில் ஆடி ஆடி நடந்து வந்தார்கள். 'வட்டாரக் கலைஞர் கூட்டுக் காட்சி' என்று வாசலில் துணி கட்டியிருந்தது. ஒன்பது கலைஞர்கள், ஒன்பது படிகங்கள். நினைவுப் பெயர்ப்பு வந்ததால் ஓவியமோ சிற்பமோ அழிந்துவிடவில்லை. ஆனால் அவை படிகத்துக்குச் சட்டமாக ஆகிவிட்டன. கூட்டம் வருவது படிகத்துக்குத்தான்.

பார்வையாளர் வெறும் கையைப் படிகத்தின்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். மூன்று நிமிடம். கலைஞரின் ஒரு நினைவு அவருக்குள் ஓடும், தனக்கே நடந்ததுபோல. மறுநாள் விடிவதற்குள் அது கலைந்துவிடும். கலைஞரிடமோ அது இருக்காது. பெயர்ப்பு என்பது நகல் எடுப்பதல்ல. செடியைப் பிடுங்குகிற மாதிரி. வேர் எதுவரை ஓடியிருக்கிறதோ அதுவரை வந்துவிடும். அந்தச் சம்பவம் மட்டுமல்ல, அதைப் பற்றி யாரோ சொன்னது, அதனால் வந்த பயம், கனவு எல்லாம் சேர்ந்து வரும். படிகத்தைக் கலைஞர் வெறும் கையால் தொட்டால் அரைகுறையாகத் திரும்பி ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் கையுறை.

எழுபத்திரண்டு மணி நேரம் வரை மூளை, வேர் போன அந்தப் பள்ளத்தைத் திறந்து வைத்திருக்கும். அதற்குள் மீட்பறைக்குப் போனால் நினைவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். போகாவிட்டால் பள்ளம் மூடிவிடும். படிகம் சென்னைக் கூடத்துக்குப் போய், அங்கிருந்து ஊர் ஊராகச் சுற்றும். இன்று மாலை ஆறு மணிக்கு அமலியின் கெடு முடிகிறது.

எடுப்பதா, விடுவதா என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க அனுமதி இல்லை. பெயர்ப்புக்கு உள்ளே போகும்போது இருந்த மனம் வேறு, வெளியே வந்த மனம் வேறு. வந்த மனம்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம்.

"உள்ள போகும்போது நீ சிரிச்சிக்கிட்டே போன" என்று மட்டும் பொறுப்பாளர் ஹமீதா சொல்லியிருந்தாள். அதைச் சொல்லலாம். அதற்குமேல் எதையும் சொல்லக் கூடாது. துயரத்தைக் கொடுக்கப் போகிறவள் ஏன் சிரிக்கிறாள்? அமலிக்குப் புரியவில்லை. படிகத்துக்குக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் துயரத்தைத்தான் கொடுப்பார்கள். அதற்குத்தான் வரிசை நிற்கும்.

பத்து மணிக்குமேல் வரிசை சேர்ந்தது.

முதலில் தொட்டவன் ஒரு கல்லூரிப் பையன். கண்ணைத் திறந்ததும் தன் விரல்களை விரித்துப் பார்த்தான். அடுத்து நேராக அமலியின் கைகளைப் பார்த்தான். முகத்தை அல்ல, கைகளை. மூன்று நாளாக எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். சிலர் அழுதார்கள். சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள். ஒருவர் "எப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினார். மீன் ஏலக் கூடத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் அமலியின் முன் நின்று நகரவே இல்லை.

"கையுறையக் கழத்து தாயி."

"எதுக்கு?"

"கழத்தேன். தின்னுற மாட்டேன்."

அமலி கழற்றினாள். அந்த அம்மாள் அவள் இரண்டு கைகளையும் வாங்கி, புறங்கையும் உள்ளங்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு விரல் நுனிகளில் முத்தம் வைத்தாள். அமலிக்குக் கூச்சமாகிவிட்டது. கையை இழுத்து, கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"என்ன பாத்திய?" என்று கேட்டுவிட்டாள்.

அந்த அம்மாள் வாயைத் திறந்தாள். தூரத்தில் ஹமீதா கைதட்டி எச்சரித்தாள். அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சொல்லக் கூடாது என்பதுதான் பெயர்ப்பின் கண்டிப்பான விதி. திறந்திருக்கும் பள்ளத்தில் எது முதலில் விழுகிறதோ அது வேர் பிடித்துவிடும். யாராவது வாயால் சொன்னால் அந்தச் சொல் அங்கே உட்கார்ந்துவிடும். அதன்பின் உண்மையான நினைவுக்கு இடம் இருக்காது. போன வருடம் நாகர்கோவில் காட்சியில் ஒரு தம்பி உளறிவிட்டான். படிகம் கொடுத்திருந்த அவனுடைய அக்காவுக்கு இன்றும் தன் பிள்ளை பிறந்தது செய்தியாகத்தான் தெரியும். தானே ஊகித்தால் ஒன்றும் ஆகாது. ஊகம் மேலோடு நிற்கும். நேரிலோ படிகத்திலோ பார்த்தவர் வாயிலிருந்து வருகிற சொல்தான் ஆழத்துக்குப் போகும்.

பதினொன்றரைக்குச் சங்கரபாண்டியன் இரண்டு டம்ளர் நன்னாரி சர்பத்தோடு வந்தார். ஐஸ் மிதந்தது. அமலி குடித்துவிட்டு அடியில் கிடந்த ஐஸ் கட்டியை வாயில் போட்டுக் கடித்தாள். நறநறவென்று சத்தம் கேட்டது. இவ்வளவு நாள் இது ஏன் தனக்குப் பிடிக்காமல் இருந்தது என்று யோசித்தாள். வீட்டில் ஐஸ் வைத்துக் குடித்ததாக ஞாபகமே இல்லை.

நிமிர்ந்தபோது வாசலில் அம்மா நின்றாள். கையில் தூக்குச்சட்டி. அமலி ஐஸ் கடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. சாப்பாடு." அம்மா பிலோமினா தூக்குச்சட்டியை வைத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

இதுவும் மூன்றாவது நாள். அம்மா தினமும் வருகிறாள். எல்லோரையும்போல வரிசையில் நின்று படிகத்தைத் தொடுகிறாள். பிறகு வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறாள். முதல் நாள் தொட்டுவிட்டு வெளியே வந்தபோது அவளால் நிற்க முடியவில்லை. ஹமீதாதான் பிடித்து உட்கார வைத்தாள். மறுநாள் ஏன் வந்தாள்? இன்றைக்கு ஏன்? எந்தச் சினிமாவையும் இரண்டாம் தடவை பார்க்காதவள் அம்மா.

அவளை எதற்கு இந்தக் காட்சிக்கு அழைத்தோம் என்பதே அமலிக்கு விளங்கவில்லை. அழைத்தது ஞாபகம் இருந்தது. கெஞ்சி அழைத்ததுகூட. காரணம்தான் இல்லை.

அம்மாவைப் பற்றி அவளிடம் இருந்தவை எல்லாம் ஒரே மாதிரியான நினைவுகள். "கைய எடுட்டி." மின்விசிறி பக்கம் போனால் மணிக்கட்டில் ஒரு அடி. கதவு இடுக்கில் கை வைத்தால் அடி. சைக்கிள் சங்கிலியைத் தொட்டதற்கு ஊரே கேட்கும்படி ஒரு கத்தல். பள்ளியில் கைவேலை வகுப்புக்கு அனுப்ப மாட்டேன் என்று தலைமையாசிரியரோடு சண்டை. சிற்பம் படிக்கப் போகிறேன் என்றபோது இரண்டு மாதம் பேச்சு இல்லை. அதனால்தான் அவள் இயற்பியல் படித்தாள். ஒரு குழந்தையின் கைகள்மேல் ஒருத்திக்கு ஏன் இவ்வளவு கோபம்? முன்பு இந்தக் கேள்வி வந்ததாக அவளுக்கு நினைவில்லை. இந்த மூன்று நாளில் அடிக்கடி வருகிறது.

அம்மா கண்ணை மூடிப் படிகத்தின்மேல் இடது கையை வைத்திருந்தாள். அந்தக் கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை.

அமலி அதைப் பார்த்தாள். எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்து வந்த கை. அது எப்படிப் போனது?

தெரியவில்லை.

அம்மா மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் ஆலையில் இருபது வருடம் வேலை பார்த்தவள். ஐஸ் ஆலையில் விபத்து நடக்கும். அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒரு மகளுக்கு இது தெரியாமல் இருக்குமா? ஒரு தடவைகூடவா கேட்டிருக்க மாட்டாள்? கேட்டிருப்பாள். பதிலும் வந்திருக்கும். வேரோடு போயிருக்கிறது.

தரவுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பதுதான் அமலிக்குத் தெரிந்த ஒரே வழி. தன் நினைவைத் தொட்டவர்கள் தன் கைகளைப் பார்க்கிறார்கள். அம்மாவுக்கு இரண்டு விரல் இல்லை. அம்மாவுக்குத் தன் கைகள்மேல் கோபம். தான் செதுக்கிய தூண்கள் பத்து. மூன்றையும் நான்கையும் கூட்டத் தெரியாதவளா அவள்?

இந்தக் கைதான் அதைச் செய்திருக்கிறது.

"சாப்பிடலியா?" அம்மா அருகில் வந்து நின்றாள். கன்னத்தில் ஈரம். ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தை எதோடு சேர்ப்பது என்று அமலிக்குத் தெரியவில்லை.

"பசிக்கல."

"சீலா கருவாட்டுக் கொழம்பு."

"பசிக்கலம்மா."

அம்மா நாற்காலிக்குத் திரும்பினாள்.

நான்கு மணிக்கு ஹமீதா ஒவ்வொருவரிடமும் வந்து கேட்டாள். ஐந்து பேர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். இரண்டு பேர் விட்டார்கள். சங்கரபாண்டியன் தலையைச் சொறிந்தார். "என் வீட்டம்மாட்ட கேட்டேன். 'எடுத்தா எடு, எடுக்காட்டிப் போ'ங்கா. முப்பத்தஞ்சு வருசமா எதக் கேட்டாலும் இதே பதில்தான். சரி, எடுப்போம்" என்று மீட்பறைக்குள் போனார்.

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் வேறு ஆளாக இருந்தார். தகரப் பலகையின் முன் நின்று, ஆளில்லாத பேருந்து நிலையத்தைப் பார்த்தார்.

"என் மவன்" என்றார். "வெளிநாடு போறேன்னு பஸ் ஏறுனான். ஒரு சண்டை. ஏறுனவன் திரும்பிப் பாக்கல. அதான்."

"வலிக்கா அண்ணாச்சி?"

"வலிக்காம? நல்லா வலிக்கு. ஏன் எடுத்தேன்னு இருக்கு." மூக்கைத் துண்டால் துடைத்தார். "ஆனா அன்னைக்கு அவன் போட்டிருந்த சட்டை என்ன கலர்னு இப்பத் தெரியுது. பச்சை. மூணு நாளா அதுகூடத் தெரியாமக் கெடந்திருக்கேன் பாரு. நீ என்ன செய்யப் போற?"

"விட்டுறப் போறேன்."

"யோசிச்சியா?"

"யோசிச்சிட்டேன்."

அவருடையது அவருக்கு நடந்தது. தன்னுடையது தான் செய்தது. இரண்டும் ஒன்றல்ல என்று அவளுக்குத் தோன்றியது. அதை அவரிடம் விளக்கச் சொற்கள் கிடைக்கவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. தெரியாமல் இருக்கும்வரை தான் ஐஸ் கடிக்கிற ஒரு சாதாரணப் பெண். தெரிந்துவிட்டால் தான் யார்?

ஐந்து நாற்பதுக்குக் கூட்டம் கலைந்தது. வெளியே தண்ணீர் ஏறுகிற நேரம். மிதவைப் பாலம் கிரீச்சிட்டது. ஹமீதா கையில் திரைப்பலகையோடு வந்தாள். அதில் இரண்டே கட்டங்கள் இருந்தன. எடு. விடு.

"சென்னைக்குப் போற பெட்டி ரெடி" என்றாள் ஹமீதா. "அவசரமில்ல. ஆறு வரைக்கும் இருக்கு."

அமலி கையை நீட்டினாள்.

"எடுத்துக்கோ" என்றாள் அம்மா.

எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை.

"வீட்டாளு 'எடு', 'விடு' இந்த ரெண்டு மட்டும்தான் சொல்லலாம் யக்கா" என்றாள் ஹமீதா மெதுவாக.

"அதத்தான சொல்லுதேன். எடுத்துக்கோட்டி."

"எதுக்கு?"

"எடுத்துக்கோன்னா எடுத்துக்கோ."

"நான் மறந்துறக் கூடாது. அதான?" என்றாள் அமலி. "காலம் பூரா மனசுல வச்சிருக்கணும். அதுக்குத்தான மூணு நாளா காவல் இருக்க?"

அம்மாவுக்கு விளங்கவில்லை. "எத மனசுல வச்சிருக்கணும்?"

"இத." அமலி அம்மாவின் இடது கையைக் காட்டினாள். "நான் செஞ்சத."

பிலோமினா தன் கையைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல அணைந்தது. வாயைத் திறந்தாள்.

"யக்கா." ஹமீதா அவள் தோளைத் தொட்டாள். "'இல்ல'ன்னு சொன்னாக்கூடச் சொன்ன மாதிரிதான். அப்புறம் அது உள்ள போகாது. நல்லா யோசிச்சிக்கோங்க."

பிலோமினா வாயை மூடிக்கொண்டாள். படிகத்தைப் பார்த்தாள். அது அந்தி வெளிச்சத்தில் ஐஸ்போலத் தெரிந்தது. அதைச் சுற்றி ஏறி இறங்கிப் பத்துத் தூண்களும் நின்றன.

"என்ன நம்புட்டி" என்றாள் கடைசியில். "எடு. ஒரே ஒரு தடவ என்ன நம்பு."

அமலி உண்மையாகவே தேடிப் பார்த்தாள். ஒவ்வொரு வருடமாகப் பின்னால் போனாள். மின்விசிறி. கதவு. சைக்கிள். அடி, அடி, கத்தல். அதற்குப் பின்னால் வழுவழுவென்று ஒரு வெறுமை.

"உன்ன நம்புறதுக்கு எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லம்மா" என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள்.

சங்கரபாண்டியன் தலையைத் திருப்பிக்கொண்டார். ஹமீதாவின் கண்ணில் நீர் நின்றது. மூன்று நாளில் அவளும் படிகத்தைத் தொட்டிருந்தாள். அவளுக்கும் தெரியும்.

கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்திரண்டு. அமலியின் விரல் 'விடு'வை நோக்கிப் போனது.

பிலோமினா அந்தக் கையைப் பிடித்தாள், இடது கையால். மூன்றே விரல்கள், ஆனால் இடுக்கிப் பிடி. அமலி இழுத்தாள், வரவில்லை. மறுகையால் பிலோமினா மகளின் கையுறையை உருவிக் கீழே போட்டாள். அடுத்த கையுறையையும் உருவினாள். இரண்டு கைகளையும் சேர்த்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"யக்கா, வேண்டாம்" என்றாள் ஹமீதா. "இன்னும் எட்டு நிமிசம் இருக்கு."

"எட்டு நிமிசத்துல இவ நம்ப மாட்டா." பிலோமினா படிகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தாள். பிறகு அதற்கு முதுகைக் காட்டி நின்றாள். "அத வேற ஊர்க்காரங்க பாத்துக்கட்டும். என் பிள்ள இப்பிடி நெனச்சிக்கிட்டு வீட்டுக்கு வரக் கூடாது."

"ம்மா, என்ன?"

"உனக்கு அஞ்சு வயசு. ஐஸ் உடைக்கிற மிஷின்ல துண்டு எடுக்கேன்னு கைய விட்ட. உள்ள மாட்டுனது உன் கைதான்ட்டி, என் கையில்ல. என் கைய நானாத்தான் விட்டேன்." அவள் மகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே சொன்னாள். "உன்ன வெளிய இழுத்துப் போட்டு, இதே மாதிரி எண்ணுனேன். பத்தும் இருந்துச்சு. என் கையில ரத்தம் ஊத்துது, ஆலையே அலறுது. நான் உன்ன மடியில போட்டுக்கிட்டு சிரிச்சேன். நீ அந்தக் கல்லுல வச்சிருக்கது அதுதான். நான் சிரிச்சது."